பினாங்கிலிருந்து ஒரு பெட்டி கஷாயம்

மதுரை விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மேலே நாலு சேலை, மதினிக்கு ஒரு கைப்பை, ஒரு பிஸ்கட் டின். அதற்குக் கீழே இளஞ்சிவப்புத் தாளில் மடித்த தொண்ணூறு பொட்டலங்கள். அதிகாரி ஒன்றைப் பிரித்தார். வேர், பட்டை, சுருண்ட தோல், மரச்சீவல் மாதிரி ஏதோ ஒன்று. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனவர் சட்டென்று தள்ளிப் பிடித்தார்.

"என்னம்மா இது?"

"கஷாயச் சரக்கு சார். சீன மருந்து. எங்க அண்ணனுக்கு வயிறு சரியில்ல."

"இதுக்கா கடல் தாண்டி வர்றீங்க? நம்ம ஊர்ல சுக்கு கெடைக்கலையா?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "குடிச்சா கேக்குதா?" என்று கேட்டார். எனக்குக் கேட்டது என்றேன். மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டார். அவர் போன பிறகு பெட்டிப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. லிஃப்டில் தனியாக ஏறமாட்டேன்.

கல்யாணமாகிப் பினாங்குக்குப் போய் இருபத்தாறு வருஷம். அங்கே சீன வைத்தியரைச் சின்சே என்போம். எனக்கு ஒரு காலத்தில் எதைத் தின்றாலும் நெஞ்சுக் கரிப்பு, ஏப்பம், உப்புசம். மாத்திரை மாத்திரையாக விழுங்கி அலுத்துப்போய், மார்க்கெட் பக்கத்தில் கடை வைத்திருக்கும் ஒரு சின்சே அம்மாவிடம் போனேன். அறுபது வயதிருக்கும். இரண்டு கையிலும் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். இரண்டு மாதக் கஷாயத்தில் எனக்குக் குணமாகிவிட்டது. இதை அண்ணனிடம் போனில் சொன்னதுதான் வினை. அவருக்கும் அதே கரிப்பு, அதே உப்புசமாம். "எனக்கும் வாங்கி அனுப்புட்டி" என்றார்.

நேரில் பார்க்காத ஆளுக்கு மருந்து தரமாட்டேன் என்று சின்சே ஒரேயடியாக மறுத்தார். நான் கெஞ்சினேன். எங்கள் அப்பா கதையைச் சொன்னேன். அப்பாவுக்கு வயிற்றில் கட்டி. ஆபரேஷன் செய்தார்கள். ஐந்து மாதத்தில் போய்விட்டார். கத்தி பட்டதால்தான் பரவியது என்று எங்கள் தெருவே சொன்னது. அன்றிலிருந்து அண்ணன் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. கடைசியில் சின்சே இறங்கி வந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாக்கைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும், உடம்பு மெலிந்தாலோ மலம் கறுத்தாலோ மருந்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று மலாயில் இரண்டு தரம் சொன்னார். ஊருக்குப் போகிறவர்கள் கையில் பொட்டலங்கள் போயின. அண்ணனிடமிருந்து படங்கள் வந்தன. வீடியோவில் பேச அவருக்குப் பிடிக்காது. ஆக, ஏழு மாதமாக நான் அண்ணனின் நாக்கை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

மதுரையில் ஏறிய பஸ் கிருஷ்ணன்கோவில் பக்கம் டயர் வெடித்து நின்றது. எல்லோரையும் இறக்கி ரோட்டோரம் நிறுத்தினார்கள். பினாங்கில் பஸ் பழுதானால் எல்லோரும் போனைத் தடவிக்கொண்டு மௌனமாக நிற்பார்கள். இங்கே ஐந்து நிமிடத்தில் யார் யார் எங்கே போகிறார்கள், எதற்குப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டு பெண்கள் என் பெட்டியைப் பார்த்துத் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். "உள்ளே என்னமோ செத்துக் கிடக்கிறது." "கருவாடாக இருக்கும். வெளிநாட்டுக் கருவாடு." நானும் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைந்த ராஜபாளையத்தில் வளர்ந்தவள்தான், தெலுங்கு எனக்குப் புரியும் என்று சொல்ல வாயெடுத்து, சிரிப்பு வந்ததால் சொல்லவில்லை. அந்தப் பயணத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

ராஜபாளையத்தில் இறங்கி அண்ணனைத் தேடினேன். கண்ணெதிரே நின்றவரைத் தாண்டி என் பார்வை போய்விட்டது. "ஏட்டி பாரு, இங்கதான நிக்கேன்" என்ற குரலைக் கேட்டுத்தான் திரும்பினேன். என் பெயர் பார்வதி. பாரு என்று கூப்பிடுவதற்கு இப்போது அவர் ஒருவர்தான் மிச்சம். சட்டை அவர் மேல் மாட்டிவைத்தது போலத் தொங்கியது. கழுத்தில் இரண்டு குழி. அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. நின்றது எழுபது வயது ஆள்.

"மெலிஞ்சுட்டீங்களேண்ணே."

"பத்தியம் இருந்தா மெலியத்தான செய்யும்? பரோட்டா இல்ல, மோர் இல்ல, எண்ணெய்ப் பலகாரம் இல்ல. உங்க சின்சேயம்மா சொன்னபடிக்கு இருக்கேன்லா" என்று என் பெட்டியைத் தூக்கப்போனார். இரண்டடி தூக்கிவிட்டுக் கீழே வைத்தார். ஆட்டோக்காரர்தான் ஏற்றினார்.

ராத்திரி மதினி இட்லி வைத்தார். செல்லத்தாய் மதினி அதிகம் பேசமாட்டார், கை பேசும். எனக்கு ஆறு இட்லி தள்ளினார். அண்ணன் ஒன்றரை இட்லியோடு கையைக் கழுவினார். வயிறு நிறைந்துவிட்டது என்றார். பிறகு மதினி மருந்துக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். அவர் கஷாயம் காய்ச்சும் அழகை நான் சொல்லியாக வேண்டும். மருந்துக்கென்று தனி மண்சட்டி, மூன்று கிண்ணம் தண்ணீரை ஒரு கிண்ணமாக வற்றவைப்பது, அதே சரக்கை இரண்டாம் முறை காய்ச்சி முதல் கஷாயத்தோடு கலப்பது என்று பினாங்கிலேயே எவரும் இவ்வளவு சுத்தமாகச் செய்வதில்லை. "இது அதிமதுரம், இது ஆரஞ்சுத் தோலு. மத்தது என்னன்னு பிடிபடல" என்று சரக்குகளை எனக்குக் காட்டினார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கறுகறுவென்ற கஷாயத்தை ஒரே மூச்சில் குடித்தார். ஏழு மாதமாக, சரக்கு கையில் இருந்த ஒரு நாளும் விட்டதில்லையாம்.

பொய் சொல்லிக் குடிக்காமல் விட்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். ஒழுங்காகக் குடித்தும் இந்தக் கோலமா?

மறுநாள் காலை என்னை எழுப்பியது குளியலறைச் சத்தம். ஓ, ஓ என்று குடலைப் புரட்டும் ஓங்கரிப்பு. பதறி ஓடினேன். ஒன்றுமில்லை, அண்ணன் நாக்கு வழித்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் விடிகாலையில் இந்தச் சத்தம் வரும். ஸ்டீல் வழிப்பானை அடித்தொண்டை வரை விட்டு நாலு இழுப்பு. பிறகு உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பு. பிறகு தலை சீவி, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வெளிவாசலில் வெளிச்சத்தைப் பார்த்து நின்றார்.

"பாரு, இன்னைக்குப் படம் அனுப்புத நாளு. நீயே எடு."

நாக்கை நீட்டினார். கழுவிவிட்ட தரை போலச் சுத்தமாக இருந்தது.

"எப்பவும் வழிச்சுட்டுத்தான் எடுப்பீங்களாண்ணே?"

"பின்ன? ஒரு பொம்பள டாக்டர் பாக்குறாவ. அழுக்கு நாக்கையா காட்டச் சொல்லுத?"

சின்சேயிடம் நான் முதன்முதலில் போன நாள் நினைவுக்கு வந்தது. என் நாக்கைப் பார்த்தவர், காலையில் வழித்தாயா என்றார். பெருமையாக ஆமாம் என்றேன். போ, நாளைக்கு வழிக்காமல் வா என்று திருப்பி அனுப்பிவிட்டார். நாக்கில் படிகிறதுதான் அவருக்குப் புத்தகம். அதன் நிறம், கனம், எந்த இடத்தில் எவ்வளவு என்று பார்த்துத்தான் வயிற்றுக்குள் நடப்பதைச் சொல்வார். அண்ணனுக்கு நான் எல்லாம் சொன்னேன். வெளிச்சத்தைப் பார்த்து நில்லுங்கள், சாப்பிடும் முன் எடுங்கள், நன்றாக நீட்டுங்கள் என்றெல்லாம் சொன்னேன். இந்த ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன். ஒவ்வொரு படத்தையும் பார்த்து, "பாகூஸ், நல்லா இருக்கு. படிவு குறைஞ்சிருக்கு" என்று சின்சே சந்தோஷப்பட்டார். அண்ணன் துடைத்துவிட்ட பலகையை அவர் படித்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மலம் என்ன நிறம் என்று ஒவ்வொரு முறையும் கேட்கச் சொல்வார். அண்ணனிடம் போய் எந்தத் தங்கச்சி அப்படிக் கேட்பாள்? "எல்லாம் சரியாப் போவுதாண்ணே?" என்று கேட்பேன். "சரியாப் போவுது" என்பார். அதையே மலாயில் சொல்லிவிடுவேன்.

அன்று படம் அனுப்பவில்லை. நாளைக்கு வழிக்காதீர்கள், சின்சே அப்படித்தான் கேட்கிறார் என்று மட்டும் சொன்னேன். அண்ணன் முகத்தைச் சுளித்தார். மறுத்துப் பேசவில்லை.

பகலில் அவர் வேலை பார்க்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார். ஊருக்கு வெளியே பேண்டேஜ் துணி நெய்யும் தறிக் கம்பெனி. அவர் அங்கே தறி பழுதுபார்க்கும் பிட்டர். முப்பது தறி ஒரே நேரத்தில் ஓடும் இரைச்சலில் எந்தத் தறி தப்பு பண்ணுகிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். வெள்ளை வெளேரென்று துணி மடிப்பு மடிப்பாக விழுந்துகொண்டிருந்தது. எந்தெந்த நாட்டு ஆஸ்பத்திரிக்கெல்லாமோ போகிறதாம். இத்தனை பேர் காயத்துக்குத் துணி அனுப்புகிற மனுஷன் தன் வயிற்றை ஒரு டாக்டரிடம் காட்டமாட்டார். கம்பெனியில் அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். முன்பெல்லாம் உட்காரவே மாட்டார், இப்போது நிற்க முடிவதில்லை என்று கூட வேலை செய்பவர் என் காதுக்குள் கத்தினார்.

சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போனேன். எதிர்வீட்டு அம்மா தன் மகளிடம் தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த மனிதர் உருகிப்போய்விட்டார். தங்கை மருந்து அனுப்புகிறாளாம். அவள் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லையா?" கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் புரியும் என்று அப்போதும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்குப் போவதாக ஏற்பாடு. வடக்கே இருக்கும் பெரிய திருவண்ணாமலை இல்லை. இது சின்ன மலை, மேலே பெருமாள். வயிறு குணமாகட்டும், தங்கச்சி வந்ததும் அவளோடு படியேறி வருகிறேன் என்று அண்ணன் நேர்ந்திருக்கிறார். புறப்படும் முன் வழிக்காத நாக்கைப் படம் எடுத்தேன். ஓரமெல்லாம் வெளுத்து ரத்தமே இல்லை. நடுவில் பழுப்பாகத் தடித்த படிவு. சின்சேக்கு அனுப்பினேன். பினாங்கு கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடும். ஆனாலும் அவர் கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது.

இன்னொரு நாள் போகலாமே என்று ஒரு வார்த்தை சொன்னேன். "நேர்த்திக்கடன்ல என்னட்டி இன்னொரு நாளு?" என்றார். அண்ணனைத் தடுத்துப் பழக்கமில்லாதவள் நான். வாயை மூடிக்கொண்டேன். இப்போதும் அதை நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

பஸ்ஸில் போகும்போது அண்ணன் உற்சாகமாக இருந்தார். இறங்கி வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க வேண்டும், சின்சேயம்மாவுக்கு இரண்டு கிலோ தனியாகக் கட்ட வேண்டும், வைத்தியருக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்றார். பால் பலகாரத்தைப் பார்த்தாலே சின்சே முகம் திருப்புவார். அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மலையடிவாரத்தில் நல்ல கூட்டம். மொட்டை போட்ட பிள்ளைகள், துளசி மாலை, தேங்காயைத் தட்டிப் பறிக்கக் காத்திருக்கும் குரங்குகள். பினாங்கில் மலைக்கோயிலுக்கு நான் வருஷத்துக்கு ஒருமுறை ஏறுவேன், மூச்சு வாங்கினாலும் ஏறிவிடுவேன். அண்ணன் முதல் இருபது படியில் நின்றார். அடுத்த பத்தில் நின்றார். அதற்கடுத்து ஐந்தில் நின்றார். உதடு தாள் மாதிரி இருந்தது. "செத்த நேரம் நில்லுட்டி" என்று படியில் உட்கார்ந்தவர் அப்படியே என் மடியில் சாய்ந்துவிட்டார்.

யாரோ தண்ணீர் தெளித்தார்கள். யாரோ விசிறினார்கள். கண்ணைத் திறந்ததும் வெட்கப்பட்டார். அப்போதுதான் கேட்டேன். அத்தனை பேர் நடுவில், வெட்கத்தை விட்டு, என்ன நிறமாகப் போகிறது என்று கேட்டேன்.

"கருப்பாத்தான் போவுது, தார் மாதிரி. நீ அனுப்புத கஷாயம் கருப்புத்தான? அதுதான்னு நெனச்சேன்."

எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, மூணு மாசம் இருக்கும் என்றார். அந்த நேரம் பைக்குள் போன் அடித்தது. சின்சே. எடுத்தவுடன் திட்டினார். மலாயும் ஹொக்கியன் சீனமும் கலந்த அந்தத் திட்டில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: "இது யார் நாக்கு? இத்தனை நாள் எனக்கு யார் நாக்கைக் காட்டினாய்? உடம்பில் ரத்தம் இல்லை. என் மருந்து இனி ஒரு சொட்டு அவர் வாயில் போகக்கூடாது. இப்போதே ஆஸ்பத்திரி. இப்போதே."

இரண்டு பேர் அண்ணனைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். ஆட்டோ ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் நிறுத்தும் தேர்முட்டியைத் தாண்டும்போது கூட்டத்தில் சிக்கிக்கொண்டது. ஓட்டுநர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. எல்லாப் பக்கமும் பால் காய்ச்சும் வாசனை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தம் இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை, இதை வைத்துக்கொண்டா மலை ஏறினீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். சின்ன வயசுப் பெண். இதுவரை என்ன மருந்து எடுத்தீர்கள் என்றபோது அண்ணன் முந்திக்கொண்டு, "ஒண்ணும் இல்லம்மா" என்றார். நான் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எழுதி வாங்கச் சொன்னார். சின்சே ஒரு மணி நேரத்தில் பட்டியல் அனுப்பிவிட்டார்.

ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் இருக்கிறது, அதிலிருந்துதான் ரத்தம் கசிகிறது, ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். பினாங்கு திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிவைத்தேன். தினமும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மதினியும் நானும் கஞ்சித் தூக்கோடு பஸ் ஏறினோம். மதினி வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வருவார். ஒரு நாள் மட்டும், "சட்டியில காச்சினது நான்தான பாரு" என்றார். அவருக்கும் அதே பயம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டேன்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். புற்றுதான். ஸ்கேனில் பார்த்தவரை வயிற்றை விட்டு வெளியே போனதாகத் தெரியவில்லை. மதுரையில் ஆபரேஷன் செய்தால் எடுத்துவிடலாம், தாமதிக்கக்கூடாது. கடிதம் எழுதி என் கையில் கொடுத்தார். வெளியே வந்ததும் மதினியின் தம்பி போனில், "கத்தி மட்டும் வச்சிராதீக. மாமாவுக்கும் அவிய அப்பா கதிதான்" என்று சத்தம் போட்டார். மதினி போனை வைத்துவிட்டுக் கஞ்சி ஆற்றப் போனார்.

நான் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடிதத்தில் உள்ளதைச் சொன்னேன். அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று என் பயம் சொன்னது. முடியவில்லை.

"அண்ணே, நாக்க வழிக்காமத்தான் படம் எடுக்கணும். சின்சே என்கிட்ட மொதல்லயே சொன்னாவ. நான்தான் உங்கள்ட்ட சொல்ல மறந்துட்டேன். சொல்லியிருந்தா ஆறு மாசத்துக்கு முந்தியே அவிய கண்டுபிடிச்சிருப்பாவ."

அழுகை வந்துவிட்டது. அண்ணன் ரத்தம் ஏறும் கையை அசைக்காமல், மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொல்லியிருந்தாலும் வழிச்சுட்டுத்தான் எடுத்திருப்பேன்" என்றார்.

"எதுக்குண்ணே?"

"அந்த நாக்கப் பாத்தா அவிய ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லிருவாவல்லா. நடுவுல உன் பொட்டலம் வந்து சேராம பத்து நாளு மருந்து இல்லாம இருந்தேன். அப்பவும் கருப்பாத்தான் போச்சு. எனக்குத் தெரியும் பாரு."

ஏழு மாதமாகக் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கசப்பை அவர் குடித்தது எதற்கு என்று புரிந்தது. நான் ஏன் அத்தனை ஆசையாக வாங்கி அனுப்பினேன் என்பதும் புரிந்தது. ஆஸ்பத்திரி என்ற வார்த்தையைச் சொல்லாமலிருக்க எங்கள் இரண்டு பேருக்குமே அந்தப் பொட்டலம் தேவைப்பட்டிருக்கிறது.

"எனக்குப் பயமா இருக்குண்ணே" என்றேன்.

"எனக்கு அப்பா செத்த அன்னையிலேர்ந்து இருக்கு." என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி, படிக்காமல், சட்டைப் பைக்குள் மடித்து வைத்தார். "உங்க மதினிய வரச் சொல்லு. பொறவு மதுரைக்கு ஒரு கார் சொல்லு. நான் மனசு மாறுறதுக்குள்ள போயிருவோம்."